கடனைக் கேட்பவர்: ஷுல்ட்ஸ் என்ற ஜெர்மன் பெயர் பிறந்த கதை

2021 டிசம்பரில் ஜெர்மனியில் புதிய அரசு அமைந்தபோது சான்சலராகப் பொறுப்பேற்றவர் ஓலாஃப் ஷோல்ட்ஸ். அவர் அமைச்சரவையில் வளர்ச்சி ஒத்துழைப்புத் துறைக்கு வந்தவர் ஸ்வென்யா ஷுல்ட்ஸே. அதற்கு முந்தைய 2017 தேர்தலில் அதே சமூக ஜனநாயகக் கட்சி சான்சலர் வேட்பாளராக நிறுத்தியவர் மார்ட்டின் ஷுல்ட்ஸ். மூவரும் ஒரே குடும்பத்தினர் இல்லை. ஆனால் ஷோல்ட்ஸ், ஷுல்ட்ஸே, ஷுல்ட்ஸ் என்ற மூன்று பெயர்களும் ஒரே சொல்தான். ஒரு காலத்தில் ஜெர்மன் மொழி பேசிய ஊர்கள் பலவற்றில் ஒருவர் வகித்த பதவியின் பெயர் அது.

அந்தப் பதவிக்கு முழுப் பெயர் ஷுல்ட்ஹைஸ். இந்தச் சொல்லைப் பிரித்துப் பார்க்கும்போது தமிழ் தெரிந்தவர்களுக்கு ஒரு தனி வசதி இருக்கிறது. ஜெர்மன்காரர்களுக்கே இன்று கொஞ்சம் குழப்பம் தரும் இடம், நமக்குச் சட்டென்று பிடிபட்டுவிடும். எனக்கு இந்தச் சொல்லின் மேல் பிரியம் வந்ததே அதனால்தான்.

சொல்லில் இரண்டு பகுதிகள்: 'ஷுல்ட்', 'ஹைஸ்'. ஷுல்ட் என்றால் இன்றைய ஜெர்மனில் இரண்டு பொருள். ஒன்று, திருப்பித் தர வேண்டிய பணம். இன்னொன்று, குற்றம், தவறுக்கான பொறுப்பு. பழைய ஜெர்மனில் இந்த இரண்டுக்கும் முன்னால் இன்னும் அகலமான ஒரு பொருள் இருந்தது: ஒருவர் செய்தே ஆக வேண்டியது, செலுத்தியே ஆக வேண்டியது. ஆங்கிலத்தில் ஷால், ஷுட் என்ற சொற்களும் இதே வேரிலிருந்து வந்தவைதான். இதை ஜெர்மன் மாணவருக்கு விளக்க ஆசிரியர் ஒரு பத்தி பேச வேண்டும். தமிழில் ஒரு சொல் போதும்: கடன். வட்டிக்கு வாங்குவதும் கடன், காலைக்கடனும் கடன், நீத்தார் கடனும் கடன். கடமை என்ற சொல்லும் அங்கிருந்து வந்ததுதான். பணமாகவும் இருக்கலாம், செயலாகவும் இருக்கலாம். தீர்த்தாக வேண்டியது எதுவோ அது கடன். பழைய ஷுல்ட் இதுதான்.

அடுத்த பகுதி 'ஹைஸன்' என்ற வினையிலிருந்து வருகிறது. ஜெர்மன் படிக்கத் தொடங்கியவர்கள் முதல் வாரத்திலேயே கற்கும் வினை இது. "என் பெயர் இன்னது" என்று சொல்ல அதைத்தான் பயன்படுத்துவார்கள். ஆனால் அதற்கு இன்னொரு பழைய பொருள் உண்டு: ஏவுதல், 'இதைச் செய்' என்று சொல்லுதல். ஆக ஷுல்ட்ஹைஸ் என்றால், கடனைத் தீர்க்கச் சொல்பவர். வரி பாக்கியா, கட்டு என்பார். ஊர் வேலைக்கு ஆள் அனுப்பவில்லையா, அனுப்பு என்பார். தீர்ப்பில் அபராதம் விழுந்ததா, செலுத்து என்பார்.

இங்கே இரண்டு தவறான புரிதல்களை ஒதுக்கிவிடலாம். இன்றைய பொருளை வைத்துக்கொண்டு 'குற்றவாளி என்று பெயர் பெற்றவர்' என்று யாராவது பிரித்தால் அது பிழை. பள்ளிக்கூடத்துக்கு ஜெர்மனில் ஷூலே என்று சொல்வதால் ஷுல்ட்ஸே என்பது ஆசிரியர் குடும்பத்துப் பெயர் என்று நினைப்பதும் பிழை. ஷூலே லத்தீனிலிருந்து வந்த சொல். இதற்கும் அதற்கும் தொடர்பில்லை. எழுத்தில் பார்ப்பவர்களுக்கு ஒரு சின்ன எச்சரிக்கையும் உண்டு. ரோமன் எழுத்தில் நடுவில் வரும் 'டி', 'ஹெச்' இரண்டும் சேர்ந்து 'த' ஒலி தருவதில்லை. ஒன்று முதல் பகுதியின் கடைசி எழுத்து, மற்றது அடுத்த பகுதியின் முதல் எழுத்து. தனித்தனியாகவே படிக்க வேண்டும்.

இந்தச் சொல் எவ்வளவு பழையது? இன்றைய ஜெர்மனிக்கு வெளியே, இத்தாலியில் இதன் மிகப் பழைய தடங்களில் ஒன்று கிடைக்கிறது. 6-ஆம் நூற்றாண்டில் ஆல்ப்ஸ் மலையைத் தாண்டி வட இத்தாலிக்குள் வந்த லாங்கோபார்டு மக்கள் ஒரு ஜெர்மானிய மொழி பேசியவர்கள். அவர்களுடைய அரசர் ரோத்தாரி 643-இல் தன் மக்களின் வழக்கச் சட்டங்களை லத்தீனில் எழுத வைத்தார். அந்த லத்தீனுக்கு நடுவே 'ஸ்குல்தஹைஸ்' என்ற அதிகாரி வருகிறார். லத்தீனில் சரியான சொல் கிடைக்காமல் சொந்த மொழிச் சொல்லையே வைத்துவிட்டார்கள் போலிருக்கிறது.

அந்தப் பதவியில் இருந்த ஒருவரைப் பற்றிய கதை பவுல் என்ற துறவி 8-ஆம் நூற்றாண்டின் இறுதியில் எழுதிய லாங்கோபார்டு வரலாற்றில் இருக்கிறது. இது பெயரைப் பற்றிய கதையும்கூட என்பதால் முழுதாகச் சொல்கிறேன்.

700-ஐ ஒட்டிய காலம். வட இத்தாலியின் கிழக்கு மூலையில் ஃப்ரியூலி என்ற பகுதி. ஸ்லாவ் திருடர்கள் மலையிறங்கி வந்து ஆட்டு மந்தைகளை ஓட்டிக்கொண்டு போய்விடுகிறார்கள். அந்த வட்டாரத்துக்குப் பொறுப்பான ஸ்குல்தாஹிஸ் துரத்திப் போகிறார்; பிடிக்க முடியவில்லை. அவர் பெயர் அர்கைத். திரும்பி வருகிறவரிடம் ஃப்ரியூலியின் கோமான் ஃபெர்துல்ஃப் என்ன ஆயிற்று என்று கேட்கிறார். தப்பிவிட்டார்கள் என்கிறார் அர்கைத். கோமானுக்குக் கோபம். லாங்கோபார்டு மொழியில் 'அர்கா' என்றால் கோழை. அர்கா என்பதிலிருந்து பெயர் வைத்துக்கொண்டிருக்கும் உன்னால் வீரமாக எதைச் செய்துவிட முடியும் என்று கேட்டுவிடுகிறார்.

இது சாதாரண வசவு இல்லை. ஒருவரை அர்கா என்று கோபத்தில் திட்டினால் 12 பொற்காசு தண்டம் கட்ட வேண்டும் என்று மேலே சொன்ன ரோத்தாரியின் சட்டமே சொல்கிறது. அர்கைத் அந்த வார்த்தையை மறக்கவில்லை. நம் இருவரில் யார் அர்கா என்று ஊர் அறியும் முன் நாம் இருவரும் சாகாதிருக்க வேண்டும் என்று பதில் சொல்கிறார். பிறகு ஸ்லாவ் படை ஒன்று வந்து மலையுச்சியில் பாளையம் இறங்குகிறது. சுற்றிக்கொண்டு நல்ல பாதையில் ஏறலாம் என்று ஃபெர்துல்ஃப் யோசிக்கிறார். அர்கைத் அவரருகே வந்து, என்னை அர்கா என்றீர்களே, இப்போது யார் கடைசியாகப் போய்ச் சேர்கிறாரோ அவர் மேல் கடவுளின் கோபம் இறங்கட்டும் என்று சொல்லிவிட்டுச் செங்குத்தான சரிவில் குதிரையை ஏற்றுகிறார். கோமானும் மானத்துக்கு அஞ்சிப் பின்னாலேயே ஏறுகிறார், படையும் ஏறுகிறது. மேலிருந்து கல்லும் கோடரியும் பாய்கின்றன. அர்கைத், ஃபெர்துல்ஃப், ஃப்ரியூலியின் உயர்குடியினரில் பெரும்பாலோர் அங்கேயே மடிகிறார்கள். பவுல் பிறந்த நாடு ஃப்ரியூலி. இதை எழுதும்போது அவருடைய வருத்தம் வரிகளில் தெரிகிறது.

இந்தக் கதையில் வரும் ஸ்குல்தாஹிஸ் கோமானுக்குக் கீழே ஒரு வட்டாரத்தைக் காப்பவர். திருடனைத் துரத்துவதும் அவர் கடன். பதவியின் அடிப்படை இதுதான்: மேலே ஒரு பிரபு, கீழே மக்கள், நடுவில் இவர்.

இடைக்கால ஜெர்மனியில் இந்த நடு ஆள் பல உருவங்களில் வருகிறார். 13-ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் சாக்ஸனி நாட்டு வழக்கங்களைத் தொகுத்த 'சாக்ஸன்ஷ்பீகல்' என்ற சட்ட நூலில் ஓர் அழகான விதி உண்டு. கிராஃப் எனப்படும் வட்டாரப் பிரபுதான் அங்கே நீதிபதி. அவர் மீதே ஒருவர் வழக்குத் தொடுத்தால் எங்கே போவது? ஷுல்ட்ஹைஸிடம் போ என்கிறது நூல். பிரபு அவர் முன்னால் நின்று பதில் சொல்ல வேண்டும். ஏனென்றால் பிரபுவின் 'ஷுல்ட்'டுக்கு ஷுல்ட்ஹைஸ்தான் நீதிபதி. சொல்லின் முதல் பாதியை எடுத்தே காரணம் சொல்லியிருக்கிறார்கள். 800 ஆண்டுகளுக்கு முன்பே அந்தச் சொல்லின் பொருள் மக்கள் காதில் உயிரோடு இருந்திருக்கிறது.

நகரங்களில் இது பெரிய பதவி. ஸ்விட்சர்லாந்தின் பேர்ன் நகர அரசின் தலைவருக்கு 1798 வரை ஷுல்ட்ஹைஸ் என்றே பெயர். பிராங்க்ஃபர்ட்டில் பேரரசரின் பிரதிநிதியாக இருந்தவரும் ஷுல்ட்ஹைஸ்தான். 1747 முதல் அந்தப் பதவியை வகித்தவர் யோஹான் வோல்ஃப்காங் டெக்ஸ்டர். அவருடைய மகள் வயிற்றுப் பேரனுக்குத் தாத்தாவின் பெயரையே வைத்தார்கள். யோஹான் வோல்ஃப்காங் கதே என்று உலகம் அறிந்த கவிஞர் அவர்தான்.

ஆனால் இன்று ஜெர்மனி முழுக்க இத்தனை ஷுல்ட்ஸ்கள் இருப்பதற்கு நகரங்கள் காரணம் இல்லை. கிராமங்கள்தான் காரணம். அதிலும் குறிப்பாகக் கிழக்குப் பகுதிக் கிராமங்கள்.

12 முதல் 14-ஆம் நூற்றாண்டு வரை ஜெர்மன் பேசும் குடியானவர்கள் கூட்டம் கூட்டமாகக் கிழக்கே போனார்கள். எல்பே ஆற்றைத் தாண்டி பிராண்டன்பர்க், சிலேசியா, பொமரேனியா, பிரஷ்யா என்று. அங்கே நிலம் இருந்தது. உழ ஆள் போதவில்லை. காட்டை அழித்து ஊர் அமைக்க வேண்டும் என்று நினைத்த பிரபு தானே ஆள் தேடிப் போகவில்லை. 'லோகாட்டர்' எனப்படும் ஒருவரோடு ஒப்பந்தம் போட்டார். அந்த ஆள் மேற்கே போய்க் குடும்பங்களைத் திரட்டுவார், அழைத்து வருவார், நிலத்தை அளந்து பங்கிடுவார். முதல் சில ஆண்டுகளுக்கு வரி கிடையாது என்று எல்லாருக்கும் வாக்குறுதி. மரம் வெட்டி, வேர் பிடுங்கி, வீடு கட்டி, முதல் விளைச்சல் எடுக்க அவ்வளவு காலம் தேவைப்பட்டது.

ஊர் எழுந்ததும் அதை எழுப்பிய லோகாட்டரே பெரும்பாலும் அதன் ஷுல்ட்ஸே ஆனார். இந்தப் பதவி அவருக்குப் பிறகு அவர் பிள்ளைக்குப் போகும்; விற்கவும் செய்யலாம். சம்பளம் என்று எதுவும் இல்லை. அதற்குப் பதில் வரியில்லாத நிலம். சில இடங்களில் ஊர் நிலத்தில் பத்தில் ஒரு பங்கு வரை அவருக்கு ஒதுக்கினார்கள். ஊர் வழக்குகளை விசாரிக்கும் நீதிமன்றத்துக்கு அவர்தான் தலைவர். ஊராரிலிருந்து தேர்ந்த சிலர் உடன் அமர்வார்கள். அபராதமாக வரும் ஒவ்வொரு மூன்று காசிலும் ஒரு காசு அவருக்கு, மீதி பிரபுவுக்கு. பல ஊர்களில் மாவரைக்கும் ஆலை வைக்கும் உரிமை, பீர் விற்கும் உரிமையும் அவருடையதே. நம் ஊர் மணியக்காரரை நினைத்துக்கொண்டால் பாதி விளங்கும். அவரே ஊரைத் தோற்றுவித்தவராகவும், ஆலைக்காரராகவும், மதுக்கடைக்காரராகவும் இருந்தால் எப்படி இருக்குமோ அப்படி.

உரிமைக்கு ஏற்ற கடமைகளும் இருந்தன. பிராண்டன்பர்க் பகுதியில் பரம்பரை ஷுல்ட்ஸே பிரபுவின் பணிக்காக ஒரு குதிரை வைத்துக் காக்க வேண்டும். நவம்பர் 11, புனித மார்ட்டின் நாள், பல ஊர்களில் வரி கட்டும் நாள். குடியானவர்கள் தானியமும் காசும் கொண்டுவருவார்கள். வராதவர்களை அவர் கேட்க வேண்டும். சொல்லின் முழுப் பொருளும் அன்றைக்கு அவர் வாசலில் நடக்கும். ஊர்க்கூட்டம் கூட்ட வேண்டும் என்றால் ஷுல்ட்ஸே ஒரு வளைந்த தடியைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தனுப்புவார். அவர்கள் அடுத்த வீட்டுக்கு. அப்படியே தடி ஊரைச் சுற்றித் திரும்பி வரும். செய்தி எழுதிய தாளைச் சில ஊர்களில் தடியிலேயே கட்டிவிடுவார்கள். தண்டோரா ஒலியால் செய்ததை இவர்கள் ஒரு கட்டையால் செய்தார்கள்.

மேற்கே வெஸ்ட்ஃபாலியாவில் இதே சொல் வேறு வழியில் போனது. அங்கே ஷுல்ட்டே என்றால் பிரபுவின் பெரிய பண்ணையை ஏற்று நடத்தியவர், சுற்றியுள்ள சின்னப் பண்ணைகளிலிருந்து வர வேண்டியதைத் திரட்டிக் கொடுத்தவர். பண்ணைக்கே பெயர் ஒட்டிக்கொண்டது. அந்த வட்டாரத்தில் பண்ணைப் பெயர்தான் ஆள் பெயர். அந்த வீட்டு மகளை மணந்து வெளியாள் ஒருவர் பண்ணைக்கு வந்தால் தன் சொந்தப் பெயரை விட்டுவிட்டுப் பண்ணையின் பெயரை ஏற்பார். ஆக, ஒரு வெஸ்ட்ஃபாலியக் குடும்பம் பல தலைமுறையாக ஷுல்ட்டே என்று இருந்தாலும் ஆண் வழி நடுவில் பலமுறை மாறியிருக்கக்கூடும். வம்சாவளி தேடுபவர்கள் இங்கேதான் அடிக்கடி இடறுகிறார்கள். முன்ஸ்டர் பக்கம் இன்றும் ஷுல்ட்ஸே என்பதோடு இன்னொரு பெயர் சேர்ந்த இரட்டைப் பெயர்கள் நிறைய உண்டு.

சரி, பதவியின் பெயர் எப்படிக் குடும்பப் பெயர் ஆனது?

இடைக்காலத் தொடக்கத்தில் ஜெர்மன்காரர்களுக்கும் ஒரே பெயர்தான்: ஹைன்ரிஷ், கொன்ராட், யோஹானஸ். ஊர் சின்னதாக இருந்தவரை போதுமானது. 12-ஆம் நூற்றாண்டிலிருந்து மேற்கு, தெற்கு நகரங்களில் மக்கள் பெருகினார்கள். ஒரே தெருவில் நான்கு ஹைன்ரிஷ்கள். பத்திரம் எழுதும்போது எந்த ஹைன்ரிஷ் என்று சொல்லியாக வேண்டும். எங்கிருந்து வந்தவர், எப்படி இருப்பவர், யார் மகன், என்ன தொழில் என்று பின்னால் ஒரு சொல் சேர்த்தார்கள். முதலில் அது வெறும் அடையாளம். ஆள் மாறினால் அதுவும் மாறும். சில தலைமுறைகளில் அது இறுகிப்போய், தையல்காரரின் பேரன் ரொட்டி சுட்டாலும் 'தையல்காரர்' என்றே நின்றுவிட்டது. கிராமங்களுக்கு இந்த வழக்கம் மெதுவாகப் பரவியது. வட மேற்கே ஃபிரீஸியர் நடுவில் நிலையான குடும்பப் பெயர் வைத்தே தீர வேண்டும் என்று 1811-இல் நெப்போலியனின் அரசு ஆணை போட வேண்டியிருந்தது.

ஜெர்மனியில் அதிகம் வழங்கும் பத்துக் குடும்பப் பெயர்களின் பட்டியல் தொழிலும் பதவியுமாகவே இருக்கும். முல்லர் மாவு ஆலைக்காரர். மாக்ஸ் முல்லரால் நமக்குப் பழகிய பெயர். ஷ்மிட் கொல்லர், ஷ்னைடர் தையல்காரர், ஃபிஷர் மீனவர், வேபர் நெசவாளர், வாக்னர் வண்டி செய்யும் தச்சர், பெக்கர் ரொட்டி சுடுபவர். மாயர், ஹோஃப்மன் இரண்டும் பண்ணையோடு தொடர்புடையவை. அந்தப் பத்துக்குள் ஷுல்ட்ஸும் உண்டு. ஊருக்கு ஒரு கொல்லர் இருந்தது போலவே ஊருக்கு ஒரு ஷுல்ட்ஸே இருந்தார் என்பதுதான் காரணம். அந்தப் பெயருள்ள எல்லாருடைய முன்னோரும் தலைவர்கள் என்று நினைத்துவிட வேண்டாம். தலைவர் வீட்டில் வேலை செய்தவருக்கும் அவர் நிலத்தைக் குத்தகைக்கு எடுத்தவருக்கும்கூட அந்த அடைமொழி ஒட்டியிருக்கலாம். தலைவரைப் போல அதிகாரமாகப் பேசியவருக்கும்தான்.

இனி ஒலியைப் பார்ப்போம். தினமும் பலமுறை கூப்பிடும் சொல் நீளமாக நிற்காது. கோயம்புத்தூர் கோவையாகத் தேய்ந்ததை நம் இலக்கணத்தில் மரூஉ என்கிறோம். ஷுல்ட்ஹைஸுக்கும் அதுதான் நடந்தது. அழுத்தம் முதல் அசையில் விழுவதால் பின்பகுதி மெலிந்தது. நடுவிலிருந்த 'ஹ' காற்றில் கரைந்தது. 'ட்'டும் 'ஸ்'ஸும் நெருங்கி ஒட்டிக்கொண்டன. ஷுல்ட்ஹைஸ், ஷுல்ட்டெஸ், ஷுல்ட்ஸே, ஷுல்ட்ஸ். தேய்மானம் எல்லா ஊரிலும் ஒரே அளவில் நடக்கவில்லை என்பதுதான் சுவாரசியம். ஷ்வாபியா, ஃபிராங்கோனியா பக்கம் முழுச் சொல்லே ஷுல்ட்ஹைஸ் என்ற குடும்பப் பெயராக நின்றது. நடு ஜெர்மனியிலும் கிழக்கிலும் ஷுல்ட்ஸே, ஷுல்ட்ஸ். சிலேசியாவில் உகரம் ஒகரமாகி ஷோல்ட்ஸ். வடக்கே பேசும் தாழ்ஜெர்மனில் 'ஹைஸ்' பகுதியின் பழைய 'ட' ஒலி 'ஸ' ஆக மாறவில்லை. அதனால் ஷுல்ட்டே, ஷுல்ட். ரைன் ஆற்றின் கீழ்ப்பகுதியில் ஷோல்ட்டன். பெயரைக் கேட்டாலே முன்னோர் எந்தத் திசையிலிருந்து வந்திருக்கலாம் என்று ஓரளவு ஊகிக்கலாம். ஓரளவுதான். 1945-க்குப் பிறகு சிலேசிய ஜெர்மானியர்கள் வெளியேற்றப்பட்டு நாடெங்கும் சிதறிக் குடியேறியதால் ஷோல்ட்ஸ்கள் இன்று எங்கும் இருக்கிறார்கள். எழுத்துக்கூட்டலில் வரும் வேற்றுமைகள் மட்டும் பெரும்பாலும் அந்தந்தக் காலத்துப் பாதிரியார், எழுத்தர் கைவண்ணம். 1876 முதல் பேரரசு முழுவதும் பிறப்பு, இறப்பு, திருமணம் எல்லாம் அரசுப் பதிவேட்டில் ஏறத் தொடங்கின. அன்று எப்படி எழுதினார்களோ அப்படியே உறைந்துவிட்டது.

16-ஆம் நூற்றாண்டில் படித்தவர்கள் நடுவில் ஒரு வழக்கம் பரவியது. தங்கள் ஜெர்மன் பெயரை லத்தீனுக்கு மாற்றிக்கொள்வார்கள். ஷுல்ட்ஸே என்றிருந்தவர்களுக்கு இரண்டு வழிகள். ஒலியை வைத்து ஸ்குல்டேட்டுஸ் ஆகலாம்; கோர்லிட்ஸ் நகரின் கணிதவியலாளர் பர்த்தலோமியஸ் ஸ்குல்டேட்டுஸ் அப்படி ஆனவர். பொருளை வைத்து, ரோமானிய நீதிபதியைக் குறிக்கும் பிரேட்டோரியுஸ் ஆகலாம். 1621-இல் மறைந்த இசையமைப்பாளர் மிக்கேல் பிரேட்டோரியுஸின் குடும்பம் முன்பு ஷுல்ட்ஸே. மேலே பார்த்த கதேயின் தாத்தா டெக்ஸ்டர் நினைவிருக்கிறதா? டெக்ஸ்டர் என்றால் லத்தீனில் நெசவாளர். வேபர் என்ற ஜெர்மன் பெயரின் லத்தீன் சட்டை அது. பெயரால் நெசவாளர், பதவியால் ஷுல்ட்ஹைஸ்.

இந்தப் பெயர்களில் இரண்டு தமிழ் அச்சு வரலாற்றில் இருக்கின்றன. தரங்கம்பாடியில் ஜெர்மன் மதபோதகர் சீகன்பால்க் 1719-இல் இறந்தபோது பழைய ஏற்பாட்டின் தமிழ் மொழிபெயர்ப்பு ரூத் ஆகமம் வரைதான் வந்திருந்தது. அதே ஆண்டு அங்கே வந்து சேர்ந்து மீதியை முடித்தவர் பெஞ்சமின் ஷுல்ட்ஸே. பிறகு அவர் சென்னைக்குப் போய்த் தெலுங்கிலும் உழைத்தார். அவருக்கு அடுத்த தலைமுறையில் சென்னை வேப்பேரியில் இருந்து தமிழ் விவிலியத்தைத் திருத்தி மொழிபெயர்த்து, தமிழ் அகராதியும் தந்தவர் யோஹான் பிலிப் ஃபப்ரிசியுஸ். லத்தீனில் 'ஃபபர்' என்றால் கைவினைஞர், கொல்லர். ஷ்மிட்கள் லத்தீனுக்குப் போகும்போது வழக்கமாக எடுத்த பெயர்தான் ஃபப்ரிசியுஸ். ஊர்த்தலைவரும் கொல்லரும் அடுத்தடுத்து வந்து தமிழில் உட்கார்ந்து எழுதியிருக்கிறார்கள்.

சொல் ஜெர்மனுக்குள் மட்டும் தங்கவில்லை. கிழக்கே குடியேறியவர்கள் கொண்டுபோன பதவியைப் போலந்து எடுத்துக்கொண்டு 'சோவ்திஸ்' என்று சொன்னது. அங்கே அது இன்றும் உயிருள்ள பதவி. ஏறத்தாழ 40,000 கிராமப் பிரிவுகளுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட சோவ்திஸ்கள் இருக்கிறார்கள். ஸ்லோவாக், ஹங்கேரி மொழிகளிலும் இந்தச் சொல் நுழைந்தது. மேற்கே டச்சு மொழியில் அது 'ஸ்கவுட்' ஆனது. சாரணர் இயக்கத்து ஸ்கவுட்டுக்கும் இதற்கும் உறவில்லை. 1653-இல் இன்றைய நியூயார்க்கான நியூ ஆம்ஸ்டர்டாமுக்கு டச்சுக்காரர்கள் நகராட்சி அமைத்தபோது அதிலும் ஒரு ஸ்கவுட் இருந்தார். டச்சுக் கடற்படையில் ரியர் அட்மிரலுக்கு இணையான பதவியின் பெயர் இன்றும் 'ஸ்கவுட் பை நாக்ட்', இரவுநேர ஸ்கவுட். இருட்டில் கப்பல் கூட்டத்தின் பின்பகுதியைப் பார்த்துக்கொண்டவர் அவர். ஒரு கிராம வரி ஆள் கடலுக்குப் போய் அட்மிரல் ஆனதை நினைத்தால் எனக்கு இப்போதும் வியப்புதான்.

ஜெர்மனியில் பதவி மெல்ல மறைந்தது. நிலத்தோடு ஒட்டிய பரம்பரை ஷுல்ட்ஸே பதவியைப் பிரஷ்யா 1872-இல் சட்டம் போட்டு நீக்கியது. தெற்கே வூர்ட்டெம்பெர்க்கில் ஊர்த்தலைவர்கள் 1930 வரை ஷுல்ட்ஹைஸ் என்றே அழைக்கப்பட்டார்கள். பிறகு அவர்களும் மற்ற ஊர்களைப் போல பூர்கர்மைஸ்டர், அதாவது மேயர், ஆனார்கள்.

கடைசியாக ஒரு ஷுல்ட்ஸேயைச் சொல்லியாக வேண்டும். 1808-இல் சாக்ஸனியின் டெலிட்ஷ் என்ற சின்ன ஊரில் பிறந்தவர் ஹெர்மன் ஷுல்ட்ஸே. தொழிலால் அதே ஊரில் நீதிபதி. 1848-இல் பிரஷ்ய தேசியப் பேரவைக்குத் தேர்வானார். அங்கே பார்த்தால் ஷுல்ட்ஸே என்ற பெயரில் பல உறுப்பினர்கள். இவரைப் பிரித்துச் சொல்ல ஊர்ப் பெயரையும் சேர்த்து ஷுல்ட்ஸே டெலிட்ஷ் என்றார்கள். பழைய ஹைன்ரிஷ்களுக்கு நடந்தது மறுபடியும் நடந்தது. அடையாளமாக ஒட்டிய சொல் அவர் பெயராகவே நின்றுவிட்டது.

ஊருக்குத் திரும்பியவர் அங்கிருந்த தச்சர்களும் செருப்புத் தைப்பவர்களும் தொழிற்சாலைப் போட்டியில் நசுங்குவதைப் பார்த்தார். மரமும் தோலும் சேர்ந்து வாங்க 1849-இல் அவர்களுக்குச் சங்கம் அமைத்தார். 1850-இல் முன்பணச் சங்கம் ஒன்று தொடங்கினார். உறுப்பினர்கள் சிறுகச் சேமித்து, ஒருவருக்கொருவர் பொறுப்பேற்று, தங்களுக்குள்ளேயே கடன் கொடுத்துக்கொள்ளும் ஏற்பாடு. நகரத்துக் கைவினைஞர்களுக்கு அவரும், கிராமத்து உழவர்களுக்கு ரைஃபைசன் என்பவரும் ஜெர்மனியில் இப்படி இரண்டு வழிகளை உண்டாக்கினார்கள்.

1892-இல் சென்னை மாகாண அரசு ஃபிரடெரிக் நிக்கல்சன் என்ற அதிகாரியை இந்த முறைகளை ஆராயச் சொன்னது. 1895-லும் 1897-லும் வந்த அவருடைய அறிக்கை, கிராமங்களுக்கு ரைஃபைசனைத் தேடுங்கள் என்று முடிந்தது. 1904-இல் இந்தியாவில் கூட்டுறவுக் கடன் சங்கங்களுக்கான சட்டம் வந்தது. அந்த ஆண்டு அக்டோபரில், நெசவாளர்களின் ஊரான காஞ்சிபுரத்தில், ஷுல்ட்ஸே காட்டிய நகர்ப்புற வழியில், சட்டப்படி பதிவான நாட்டின் முதல் நகரக் கூட்டுறவுக் கடன் சங்கம் தொடங்கியது.